இரண்டு பக்கமும் நாலு சென்டி

என் செல்வா அண்ணாவுக்கு,

சுற்றி வளைக்காமல் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கியர் சைக்கிளுக்குப் புது ஹேண்டில்பார் வாங்கிப் போட்டாயிற்று. ஓட்டுகிறது யார் தெரியுமா? அண்ணி. நீ விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்று, "இத மொதல்ல பழைய இரும்புக்குப் போடுங்க" என்று உன்னைக் காய்ச்சி எடுத்தாரே, அதே அண்ணிதான்.

நீ கம்பெனி பஸ்சில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சைக்கிள் அதுவரைக்கும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி என் தையல் கடைக்கு வந்தார். "கலா, அது சும்மா நிக்கறத பாக்கப் பாக்க எனக்கு எரிச்சலா வருது. நானே ஓட்டிப் பாக்கறேன். ஹேண்டில்பார் எனக்கு எவ்ளோ அகலம் வேணும்னு நீதான் அளந்து சொல்லணும். அவருக்கும் நீதான அளந்த?"

கழுத்தில் கிடந்த டேப்பை நான் தொடவே இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். இல்லை, உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதைத்தான் நான் மூன்று வருஷமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பச்சையாகவே எழுதிவிடுகிறேன்.

சைக்கிள் வாங்கிய புதிதில் அதிலிருந்தது எழுநூற்று எண்பது மில்லிமீட்டர் ஹேண்டில்பார். உன் தோளுக்கு அது அதிகம். மணிக்கட்டு வலிக்கிறது, கழுத்து இழுக்கிறது, ஜிஎஸ்டி ரோட்டில் இரண்டு வண்டிக்கு நடுவில் நுழைய முடியவில்லை என்று தினமும் ஒரு புகார். "ஊர்ல இருக்கற தோளையெல்லாம் அளக்கற, அண்ணன் தோள அளக்க மாட்டியா?" என்று கடைக்கு வந்து நின்றாய். தோளை மட்டும் அளந்தால் போதாதாம், தண்டால் எடுக்கும்போது கை தானாக எங்கே ஊன்றுகிறதோ அந்த அகலம்தான் கணக்காம். எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தாய். துணி வெட்டும் இடத்திலேயே குப்புற விழுந்து தண்டால் எடுத்தாய். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் அளந்தேன். எழுநூற்று நாற்பது வந்தது. மொத்தத்தில் நாலு சென்டிமீட்டர் குறைக்க வேண்டும்.

அங்கேதான் என் கை என்னைக் கவிழ்த்தது. எங்கள் கடையில் ஒருத்தி வந்து "அரை இஞ்ச் புடிச்சிக் குடுங்க" என்றால் இடது பக்கம் அரை, வலது பக்கம் அரை. இரண்டு பக்கமும் என்று யாரும் தனியாகச் சொல்வதில்லை. இருபது வருஷமாக அப்படியே ஓடிப் பழகிய கை. நாலு சென்டி குறைக்கணும் என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இந்த முனையிலிருந்து நாலு, அந்த முனையிலிருந்து நாலு என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டது. நீயும் இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடை எடுத்துக் கோட்டின் மேலேயே அறுத்தாய். மறைமலை நகர் கம்பெனியில் ஒரு போல்ட்டை மூன்று தடவை அளக்கிற ஆள், தங்கச்சி போட்ட கோட்டை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

நீ கிளம்பியதும் மேஜையைத் துடைத்தேன். அறுத்துப் போட்ட இரண்டு துண்டையும் சேர்த்து டேப்பை வைத்துப் பார்த்தால் எட்டு சென்டி. ஜாக்கெட்டாக இருந்தால் உள்தையலைப் பிரித்து விட்டுவிடலாம். அலுமினியக் குழாயில் எதைப் பிரிப்பது?

உடனே உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என் அளவு தப்பாது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொள்கிறவள், எந்த வாயால் சொல்வது? மறுநாள் நீயே போன் செய்து, "சூப்பர் கலா, இப்ப எந்த சந்துலயும் பூந்து போவுது" என்றாய். அப்பாடா என்று விட்டுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, வண்டலூரைத் தாண்டி ஒரு கல்மேட்டில் இறங்கும்போது முன்சக்கரம் கல்லில் ஏறி, ஹேண்டில் வெடுக்கென்று திரும்பி நீ விழுந்தாய். தோள்பட்டையில் காரை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் உனக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. "என் தப்புதான், கல்ல பாக்கல" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய். என்னிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னாய். அது ஏன் அண்ணா?

எலும்பு கூடிவிட்டது. உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுவலி, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதையெல்லாம் எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் வைத்தே அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "மூணு வருஷமா வாய மூடிக்கினு இருந்தியா? கண்ணு தெரியலையா, இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு அந்த மனுஷன நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? எல்லாத்தையும் தலைய குனிஞ்சிகினு கேட்டுகினாரே!" எழுந்து போய்விட்டார். ஒன்பது நாள் என் போனை எடுக்கவில்லை. பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார். "குரோம்பேட்டைக்குப் போலாம் வா. கடைக்காரர்கிட்டயும் நீயே சொல்லு."

நீ வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை ரஃபீக் பாயிடம் போனோம். பழைய ஹேண்டில்பாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு தடவை விழுந்ததை நம்பக் கூடாது, உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது, புதுசுதான் போடணும் என்றார். நான் கேட்டேவிட்டேன். "பாய், அண்ணன் விழுந்தது நான் குட்டையா வெட்டினதாலயா?"

"தெரியாதும்மா. குறுகலா இருந்தா ஹேண்டில் சட்டுனு திரும்பும், அது நெஜம்தான். ஆனா அகலமா வச்சிருக்கறவனும் விழறான்." பழைய ஹேண்டில்பாரைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார். "அவரு விழறதுக்கு முன்னாடியே இங்க வந்தாரும்மா. எழுநூத்தி நாப்பதுல ஒண்ண கையில எடுத்துட்டாரு. அப்புறம் திருப்பி வச்சிட்டாரு. வேணாம் பாய், தங்கச்சி அளந்து குடுத்தது, மாத்தினா கண்டுபுடிச்சிடுவா, மனசு ஒடஞ்சிடுவான்னாரு."

கடையிலேயே அழுதேன். அண்ணியும் அழுதார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு உன்மேல் வந்தது கோபம். பெரிய மனசாம், பெரிய மனசு! "ஏண்டி, தப்பா வெட்டிட்ட" என்று தலையில் ஒரு குட்டு வைத்திருந்தால் மறுநாளே வேறு வாங்கிப் போட்டிருப்போமே. நான் வெட்கப்பட்டு மறைத்தேன், நீ பாசப்பட்டு மறைத்தாய். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் உன் எலும்பை உடைத்தோமா? தெரியாது. இனிமேல் தெரியப்போவதும் இல்லை.

பாயிடம் இருந்தது எழுநூற்று அறுபதுதான். அண்ணியைத் தண்டால் எடுக்கச் சொன்னால் அடிக்க வருவார். சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளச் சொல்லி அளந்தேன். எழுநூற்று இருபது. இந்தத் தடவை அண்ணி ஒரு முறை, பாய் ஒரு முறை என்று அளந்து பார்த்தார்கள். நான் சாக்பீஸை எடுத்ததும் பாய் தடுத்தார். "வெட்டறத எப்ப வேணா வெட்டலாம்மா, வெட்டினத ஒட்ட முடியாது." பிரேக், கியர், கைப்பிடி ரப்பர் எல்லாவற்றையும் பக்கத்துக்கு இரண்டு சென்டி உள்ளே தள்ளி மாட்டினார். முனை இரண்டும் சும்மா வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், சரியாக இருந்தால் மட்டும் அறுக்கலாம் என்றார்.

மூன்று வாரமாக அண்ணி விடிந்ததும் அகரம்தென் ரோட்டில் போய் வருகிறார். இரண்டு நாய்கள் துரத்தினவாம், கீழே மட்டும் விழவில்லையாம். பெருமை தாங்கவில்லை. இன்று காலை நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"கலா, உன் அளவு தப்பு. இன்னும் கை இழுக்குது. கைப்பிடி கொஞ்சம் உள்ள போவணும்."

ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன். "தப்புன்னு சொன்னா கட்டிப் புடிக்கற, பைத்தியமா உனக்கு? வேற யாராவது சொல்லியிருந்தா இந்நேரம் தெருவே கூடியிருக்கும்" என்றார். உண்மைதான். என் அளவு தப்பு என்று சொன்ன எந்த வாடிக்கைக்காரியை நான் சும்மா விட்டிருக்கிறேன்? தங்கச்சி மனசு உடையும் என்று பாயிடம் சொல்லியிருக்கிறாய். என் வாய்க்குப் பயந்துதானே அண்ணா நீ பேசாமல் இருந்தாய்?

இனிமேல் யார் என்னிடம் தப்பு என்று சொன்னாலும் முதலில் டேப்பை எடுப்பேன், அப்புறம்தான் வாயைத் திறப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. நாளைக்கு அண்ணியோடு பாய் கடைக்குப் போகிறேன்.

சொல்லப் பயந்துபோகும் அளவுக்கு உன்னை வைத்திருந்த உன் ஒரே தங்கச்சி,
கலா
மேற்குத் தாம்பரம்