முரம்பு நாட்டரசி தூசுவாங்கி தேர்ந்த வகை

வாழ்க. செம்மண் மேடு எழுபதும் பேரேரி பன்னிரண்டும் உடைய முரம்பு நாட்டை ஒரு குடைக்கீழ் வைத்தாளும், எதிர்த்தார்க்கு இடியும் அடுத்தார்க்கு நிழலுமாகிய, செங்கழுநீர் மாதேவியார் திருவுள்ளப்படி அவருடைய ஓலைநாயகம் அரும்பாக்கிழான் எழுதிய ஓலை. தென்னெல்லையில் உப்புவழி காத்துநிற்கும் ஈச்சந்துறை ஊர்ச்சபைத் தலைவர் பொதியனார் தனித்துக் காண்க. உம்முடைய ஊரில் கிணறு ஊறுக, கன்று துள்ளுக, பிள்ளைகள் மூச்சுத் திணறாமல் வளர்க. கடைசி வாழ்த்து ஓலை மரபில் இல்லாதது. அரசியார் சேர்க்கச் சொன்னார், சேர்ந்தது.

ஆனித் திங்களில் இதே கை எழுதிய ஓலையொன்று உம்முடைய சபையில் உரக்க வாசிக்கப்பட்டது. உம்மூர்ப் பெண் சிலம்பாயி, அரண்மனையில் பெருக்கும் பணி செய்தவள், சோம்பலால் அரசவையில் புழுதியை விட்டுவைத்தாள், ஆதலால் நீக்கப்பட்டாள் என்பது அதன் வாசகம். ஊர் கூடிக் கேட்டிருக்கும், அவளும் நின்று கேட்டிருப்பாள். அவ்வோலை பொய். எழுதியவன் அன்றே அறிவான், முத்திரை வைத்தவரும் அறிவார். நடந்ததை ஒன்றும் மெழுகாமல், அவள் பேச்சை அவள் பேசியபடியே எழுதவேண்டும் என்று அரசியார் ஆணையிட்டதால் இனி நடந்தது எழுதப்படுகிறது.

நம் நாட்டுக் காற்றைப் பற்றி உமக்குச் சொல்வானேன்? ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தலைநகர் முரம்புக்கூடலில் அம்மி பறப்பதில்லை, அதன்மேல் அரைவிரல் கனத்துக்குச் செம்புழுதி ஏறிவிடும். அரசியாரின் ஒரே மகள் இளங்கொற்றிக்கு ஐந்து வயது, பிறந்தது முதல் இழுப்பு நோய். துடைப்பத்தை எடுத்தால் புழுதி கிளம்பும், புழுதி கிளம்பினால் குழந்தைக்கு மூச்சு இழுக்கும். தரையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், மெத்தையையும் சமுக்காளத்தையும் என்ன செய்வது? அதற்கென்றே குழந்தையின் அறையில் தூசுவாங்கி ஒன்று இருந்தது. கொல்லன் துருத்தி காற்றை ஊதும் அல்லவா, இது அதற்கு நேர் மாறு. மிதித்தால் மூங்கிற்குழாய் வழியே காற்றை உள்ளே இழுக்கும். தூசு உள்ளிருக்கும் துணிப்பையில் தங்கிவிடும், காற்று மட்டும் பின்பக்கம் வெளியேறும். ஐந்து ஆண்டும் அதை மிதித்தவளும், குழாயைக் கட்டிலடியில் செலுத்தியவளும், பையைக் கோட்டைக்கு வெளியே கொண்டுபோய் உதறியவளும் சிலம்பாயியே.

வைகாசிக் கடைசியில் அதன் துருத்தித்தோல் மூன்றிடத்தில் கிழிந்தது, தைத்தால் தையலுக்குப் பக்கத்தில் கிழிந்தது. ஆடி பிறப்பதற்குள் மாற்றுப் பொறி வாங்கியாக வேண்டும். ஒரு வீட்டுக்குத் தூசுவாங்கி வாங்குவது பெரிய காரியமா என்று கேட்பீர். வீடு அரண்மனையானால் பெரிய காரியம்தான். முதலமைச்சர் வானவதரையர் தலைமையில் ஒன்பதுபேர் குழுவாக அமர்ந்தார்கள். அந்த ஒன்பதுபேரில் ஒருவர்கூடப் பிறந்தநாள் முதல் ஒரு முழத் தரையைப் பெருக்கியவரல்லர்.

மூன்று பொறிகள் வந்தன. வடகரை வணிகர் கொண்டுவந்தது மயில் வடிவம், பொன்முலாம் பூசியது, மிதித்தால் முழங்கும். தீவிலிருந்து வந்தது சுரைக்காய் அளவே, தோளில் மாட்டி எடுத்துப்போகலாம், ஆனால் ஒரு நாழிகை மிதித்தால் ஒரு நாழிகை ஓய்வு கேட்கும். மூன்றாவது நம் நகரத்து நெசவுத்தெரு ஆள் ஒருவன் செய்தது, கறுத்த பலாப்பலகைப் பெட்டி, கிடக்கும் எருமையைப் போல இருந்தது. அதன் பை இரட்டை நெசவு என்று அவன் சொல்லச் சொல்ல, குழுவினர் மயிலின் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொறிகளைச் சோதிப்பதற்கு முதல்நாள் மாலை, குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்த அரசியார், இம்மூன்றில் எது நல்லது என்று சிலம்பாயியை விளையாட்டாகக் கேட்டார். அவள் சொன்னது: “பாக்க மூணும் அழகாத்தான் இருக்கு தாயி. கட்டிலடிக்குப் போகுதா, பை கெட்டி நெசவா, ஒதறும்போது மூஞ்சியில அடிக்குதா, அதெல்லாம் தூசியில விட்டுப் பாத்தாத்தான் தெரியும். சும்மா நிறுத்தி வச்சுப் பாத்தா என்ன தெரியும், மாப்பிள்ளையா பாக்குறோம்?” அரசியார் சிரித்தார். குழந்தையும் சிரித்தது. சிரித்ததோடு அரசியார் அதை மறந்தார்.

இனித்தான் வெட்கக்கேடு. அரசர் கண் படும் தரையில் ஒரு துளி தூசும் இருக்கலாகாது என்பது நம் அவையின் பழைய வழக்கம். பொறிகளை அரசியார் முன்னிலையில் சோதிப்பது என்று முடிவானது. ஆகவே விடியுமுன்பே பத்துப் பெண்கள் அவை முழுவதையும் துடைப்பத்தால் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, பளிங்குபோல் வைத்துவிட்டார்கள். அந்தத் தரையில்தான் தூசுவாங்கிகளைச் சோதிக்கப் போகிறார்கள்! ஒன்பதுபேருக்கும் அது தோன்றவில்லை. தோன்றியவர் இருந்தால் வாயை மூடிக்கொண்டிருந்தார். பூனைக்கு யார் மணி கட்டுவது?

கட்டியவள் சிலம்பாயி. அரியணைக்கு இடப்பக்கம் சமுக்காளத்தின் மூலையை அவள் பெருக்காமல் விட்டிருந்தாள், இரண்டு கைப்பிடி செம்புழுதி. வானவதரையர் காலில் அது இடறிற்று. அவர் மூலையைத் தூக்கிக் காட்டி, இது யார் வேலை என்று வினவினார். அவள் தூண் மறைவிலிருந்து வந்து நின்று சொன்னாள்: “வேணும்னுதான் விட்டேங்கய்யா. தூசியே இல்லாத தரையில எது தூசி வாங்கும்னு எப்படிக் கண்டுபிடிப்பீக?” சொன்னது சரி என்று எல்லோருக்கும் தெரிந்தது. வானவதரையர் அரசியாரை நோக்கி, அரியணைக்கருகே புழுதி வைப்பது அரசை அவமதிப்பது என்றும், பெருக்குபவள் அவையில் பேசுவது முன்னெப்போதும் இல்லாதது என்றும் விண்ணப்பித்தார்.

அரசியார் புழுதியைப் பார்த்தார், ஒன்பது முகங்களையும் பார்த்தார். இந்தப் பெண்பிள்ளை ஆள்வதா என்று அவரைக் காத்திருந்து பார்க்கும் முகங்கள் அவை. அவற்றின் முன்னால் பணிப்பெண் ஒருத்தி சொல்லைக் கேட்க அவருக்குக் கூசியது. அவர் சொன்னது ஒரே சொல்: “போகச்சொல்.” சிலம்பாயி அந்தப் புழுதியைத் தன் முந்தானையில் அள்ளிக்கொண்டு வெளியே போனாள். பிறகு சுத்தமான தரையில் சோதனை நடந்தது. மூன்று பொறிகளும் ஒன்றுபோலவே சுத்தம் செய்தன, செய்யாமல் என்ன செய்யும்? முழங்குகிற மேகமே பொழியும், ஆதலால் முழங்குகிற பொறியே வலியது என்று வானவதரையர் தீர்ப்பளிக்க, மயில் அரண்மனைக்குள் புகுந்தது. நெசவுத்தெரு ஆள் தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஆடி பிறந்தது, காற்று வந்தது. புதிய பணிப்பெண்கள் மயிலை மிதித்தார்கள். மெத்தை பளிச்சென்று ஆயிற்று, சமுக்காளத்தின் நிறம் துலங்கிற்று. எல்லோரும் மெச்சினார்கள். குழந்தை இருமியது. காற்றின் கோளாறு என்றார் மருத்துவர். அப்படியானால் அறையில் தூசு மிச்சமிருக்கிறது, இன்னும் மிதியுங்கள் என்றார் அரசியார். ஒருமுறை மிதித்தது மூன்றுமுறை ஆயிற்று. குழந்தை இருமஇரும மிதித்தார்கள், மிதிக்கமிதிக்க இருமிற்று. பெற்ற தாயார் பக்கத்தில் உட்கார்ந்து, நன்றாக மிதியுங்கள், கட்டிலடியில் விடுங்கள் என்று ஏவிக்கொண்டிருந்தார். ஐயோ, அந்தக் குரலைக் கேட்டவர்கள் மறப்பார்களா? ஒன்பதாம் நாள் நண்பகல், மயில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே, இளங்கொற்றியின் மூச்சு நின்றது. முழக்கத்தில் அது நின்றது சற்றுநேரம் யாருக்கும் தெரியவில்லை.

இச்செய்தி உம்முடைய ஊருக்கு இதுவே முதல். துக்க ஓலைகள் தென்னெல்லைக்கு இன்னும் புறப்படவில்லை.

ஆடி இருபதாம் நாள் உம்மூர் உப்புவண்டியோடு வந்த வெள்ளச்சி என்பவள், அரசியாரை நேரில் கண்டு ஒரு சேதி சொல்லவேண்டும் என்று வாயிலில் பிடிவாதமாக நின்றாள். நகரம் துக்கம் காப்பதை அவள் அறிந்திருக்கவில்லை. அவைக்கு அழைத்துவந்தபோது, சிலம்பாயி சொல்லியனுப்பியதை மனப்பாடமாக ஒப்பித்தாள்: “எதை வாங்கியிருந்தாலும் சரி தாயி, பொறிக்குப் பின்னாடி காத்து வர்ற எடத்துல வெள்ளை ஈரத்துணி ஒண்ணைப் புடிச்சுப் பாருங்க. துணி செவந்துச்சுன்னா, முன்னாடி இழுத்த தூசியைப் பின்னாடி பொடியா ஊதுதுன்னு அர்த்தம். அதைப் பாப்பா பக்கத்துல கொண்டு போவாதீக. என் மேல உள்ள கோவத்துல இந்தச் சொல்லைத் தள்ளிராதீக. பாப்பாவுக்கு இப்ப இழுப்பு எப்படி இருக்கு? படுத்தாத் தூங்குதா?”

அவையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். வெள்ளச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், பிறகு விளங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரசியார் மயிலைக் கொண்டுவரச் சொன்னார். தாமே ஏறி மிதித்தார், அரும்பாக்கிழான் பின்னால் துணியைப் பிடித்தான். பத்து மிதி ஆவதற்குள் துணி அரைத்த மஞ்சளில் சுண்ணாம்பு கலந்ததுபோல் சிவந்தது. அரசியார் அழவில்லை. துணியை வாங்கி மடித்து, “ஒன்பது நாள். நாளொன்றுக்கு மூன்றுமுறை” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வானவதரையர் விண்ணப்பம் ஒன்று சமர்ப்பித்தார். மயிலில் குறை காணப்பட்டதால் வேறு பொறி தேர்வதற்குப் புதிய குழு அமைக்கவேண்டும் என்றும், சோதனை நாளில் அவையைப் பெருக்கிவைக்க ஆவன செய்யப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பவர்களைக் கண்டிருக்கிறோம். மாடு செத்தபின் வாலுக்குக் குழு கூட்டுகிறவரை இப்போதுதான் கண்டோம். அரசியார் அதை இரண்டாக முறித்து அவர் கையிலேயே கொடுத்தார். அவர் பதவி அன்றோடு போயிற்று. போய் என்ன? பெற்ற வயிறு ஆறுமா?

ஆதலால் அரசியார் கட்டளை. ஆனித் திங்களில் வந்த ஓலையைச் சபை நடுவில் தீயிலிட்டு, சிலம்பாயி குற்றமற்றவள், குற்றம் அரியணையில் இருந்தது என்று பறையறைந்து சொல்லுக. இதனோடு வரும் சிறிய ஓலை அதற்கானது, அதையே உரக்க வாசிக்க. நெசவுத்தெரு ஆள் செய்த கறுத்த பெட்டி பின்னால் வண்டியில் வருகிறது. அரண்மனையில் இனி அதற்கு வேலை இல்லை. உம்மூரில் இழுப்புள்ள பிள்ளைகள் மூவர் உண்டென்று வெள்ளச்சி சொன்னாள். சிலம்பாயி ஈரத்துணி பிடித்துப் பார்த்துச் சரியென்றால் மட்டும் அது அவ்வீடுகளுக்குள் போகலாம். அவளை அரண்மனைக்குத் திரும்ப அழைக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை, அரசியாருக்கும் இல்லை.

முரம்புமேட்டில் காற்று அடிக்கும் காலமெல்லாம் இவ்வாணை நிற்க. இதைத் திருத்தினவர் வீட்டு விளக்கு காற்றில் நிற்காது ஒழிக. ஆடி இருபத்திரண்டாம் நாள் இட்ட முத்திரை.

முத்திரைக்குப் பின் சேர்த்த கட்டளை ஒன்று உண்டு. அரசியார் இன்று காலை பல்லக்கும் கொடியும் இல்லாமல் உம்முடைய ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். இவ்வோலை குதிரையில் வருவதால் நான்கு நாள் முந்திச் சேரும். அந்த நான்கு நாளும் குழந்தை இறந்ததைச் சிலம்பாயிக்கு எவரும் சொல்லலாகாது, வெள்ளச்சியும் வாய் திறவாதிருக்க ஒப்பியிருக்கிறாள். சிலம்பாயி யாரையேனும் வழிமறித்துப் பாப்பா எப்படி இருக்கிறது என்று கேட்டால், பாப்பாவின் அம்மா வந்துகொண்டிருக்கிறாள், அவளையே கேள் என்று சொல்லி அவள் முகத்தைப் பாராமல் விலகிப்போக.