இரண்டுக்கு நாலு

காதில் பென்சிலோடு திரியும் என் தேவாவுக்கு,

டிராயர் உள்ளே போய்விட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான்கும் போய்விட்டன. ஒரு விரலால் தள்ளினால் போதும்.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே பொருத்த நீ செய்தவைதான். நீ போன பிறகு இரண்டு மாதம் கூடத்தில் அடுக்கியே கிடந்தன. மரச்சட்டங்களுக்கு நடுவே இருந்த இடத்தைவிட ஒவ்வொன்றும் அரை அங்குலம் அகலம்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினோமே, அமெரிக்க வீடுகட்டும் பத்திரிகைகள். நீ படம் பார்ப்பாய். எம்.ஏ. இங்கிலீஷ் நான், படித்துச் சொல்வேன். சட்டம் 'இரண்டுக்கு நாலு' என்றிருந்தது. இரண்டு அங்குலம், நாலு அங்குலம் என்று அப்படியே சொன்னேன். அப்படியே அறுத்தாய்.

டிராயர் முட்டியதும் நீ மரத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தைப் பார்த்தாய்.

"மச்சான், படத்துல சட்டம் ரெண்டு இன்ச் இல்லடா. ஒல்லியா கீது."

"அச்சுல போட்டிருக்கான்டா. உன் கண்ணுதான் கோணல்."

சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாய். அடுத்த வாரம் மஞ்சள் காமாலை. அதோடு போய்விட்டாய்.

எதற்குச் சிரித்தேன்?

போன திங்கட்கிழமை அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோம். படத்தைப் பாத்து செஞ்சா இப்படித்தான். எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுங்க. இரும்பு பீரோ வெச்சுக்கறேன்."

உன் கடைசி வேலை. விறகாகப் போக இருந்தது.

உன் தங்கை ஸ்டெல்லா பத்திரிகைக் கட்டை என் முன்னால் போட்டாள். "அண்ணன் சொன்னப்ப சிரிச்சீங்க இல்ல? இப்ப படிங்கண்ணா. ஒரு வரி வுடாம."

இரண்டு நாள் படித்தேன். வேறொரு இதழ். வாசகர் கேள்வி பதில். பொடி எழுத்து. அந்த ஊரில் 'இரண்டுக்கு நாலு' என்பது மரத்தின் பெயர். அளவு இல்லை. அறுத்து, காய்ந்து, இழைத்து முடிந்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான். டிராயரின் அகலம் அந்த ஒன்றரைக்குப் போட்ட கணக்கு.

பெயரை அளவாகப் படித்தவன் நான். ஒரு எழுத்தும் படிக்காமல் சரியாகப் பார்த்தவன் நீ.

சட்டங்களைக் கழற்றினோம். உன் இழைப்புளியால் ஸ்டெல்லா அரை அங்குலம் இழைத்தாள். நான் பிடித்துக்கொண்டேன். என் படிப்புக்கு அன்று அதுதான் வேலை.

வியாழக்கிழமை மாட்டினோம். அந்த அம்மா ஒவ்வொன்றையும் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"படத்துல இருக்கற மாதிரியேதான் இருக்கு. யாரு செஞ்சது?"

"எங்க அண்ணன்," என்றாள் ஸ்டெல்லா.

"முடிச்சூர்ல என் தம்பி வீடு கட்டறான். அந்தப் புக்கை எடுத்துட்டு வாங்க."

கேட்டாயா, மச்சான்? புக்கை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்.

கட்டு முழுவதும் புரட்டினேன். இன்னும் பதினொரு இடத்தில் உன் கேள்விக்குறி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பதில் எழுதுவேன். பென்சிலால்தான், நீ திருத்த வசதியாக. இந்த முறை சிரிக்காமல்.

உன் கண்ணை நம்பாமல் போன,
இப்போது அதைக் கொண்டே படிக்கிற
உன் மச்சான்,
ரகு