முன் பெஞ்சில் அப்பா

அன்பு மகளே,

மாநில செனட் இடத்துக்கு நம் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலின் இரண்டாம் சுற்றில் உன் அப்பா ஐந்து ஓட்டில் ஜெயித்ததை, எதிர்த்து நின்று தோற்ற டாலிவர் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டார். மார்ச்சில் முதல் சுற்றின்போது மற்றக் கட்சியின் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள், மே மாதம் இதில் போட்டது செல்லாதாம். அப்படிப் போட்டவர்கள் யாருக்குப் போட்டோம் என்று கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். யார் பேரைச் சொல்கிறோமோ அந்த ஆளின் கணக்கில் ஒரு ஓட்டு கழியும். அந்தக் கட்சியில் நின்ற தோழி ஒனீட்டாவுக்காக மார்ச்சில் அந்தப் பக்கம் போய் ஓட்டுப் போட்டேனே, திங்கட்கிழமை வந்து சொல்லச் சொல்லி எனக்கும் சம்மன் வந்திருக்கிறது.

அப்பா இந்த முறை கத்தவில்லை. சோள ரொட்டியைப் பிட்டபடி சிரித்தார்.

"டாலிவருக்குப் போட்டேன்னு சொல்லிடு. அவனுக்கு ஒண்ணு குறையட்டும். ஒரு பொய்க்கெல்லாம் கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு."

"எனக்குப் பொய் வராதுங்க."

"தெரியும்டி. சின்னப் பொய்க்கே உனக்கு நாக்கு குழறும். முன் பெஞ்சுலதான் உக்காந்திருப்பேன், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அன்றிலிருந்து தினமும் கண்ணாடி முன் நின்று, "டாலிவருக்குப் போட்டேன்" என்று குழறிக் குழறிச் சொல்லப் பழகுகிறேன். ஒரு தடவைகூட நாக்கு குழற மாட்டேன் என்கிறது.

உன் ஊருக்கு வரும் ஹூஸ்டன் பஸ் கோர்ட்டுக்கு எதிரிலேயே நிற்கிறது. திங்கட்கிழமைக்குள் உன் பின்னறைக் கட்டிலை ஒழித்து வை.

அம்மா