ஸ்ரீகண்ட் டப்பாவுக்குள் புகுந்த வெளிச்சம்

மகர்பட்டா, புனே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜெயந்த்துக்கு,

நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை வாட்ஸப்பில் கட்டைவிரல் படம் போடாமல் நாலு வார்த்தையில் எழுது. தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், தெரியும், ஆனாலும் இந்த விஷயத்தை இங்கிலீஷில் சொல்ல எனக்கு வராது, மெதுவாகவே படி. அன்றைக்கு ஃபோனில் மாசக் கடைசியில் கிடாரை விற்கப்போகிறேன் என்றாய் இல்லையா, கிளாஸ்கோவில் உன்னோடு வாசிக்கிற பசங்களின் பாட்டுக்கெல்லாம் கிடார் சத்தத்தை மாற்றுகிற ஃபில்டர் பெடல் என்று ஒரு பெட்டி வேண்டுமாம், அது யானை விலையாம், அது இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம், எதற்கு வம்பு, விற்றுத் தலைமுழுகிவிடுகிறேன் என்று. அப்பா சரிதான் என்று தலையாட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. அதோடு, அத்தனை விலை கொடுத்து வாங்குகிற அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பிரித்துப்போட்டு வீடியோ எடுத்திருக்கிறான். உள்ளே ஒரு ஐசி, கொஞ்சம் கெபாசிட்டர், ரெசிஸ்டர், ஒரு குட்டி எல்இடி, அதற்கு நேர் எதிரே வெளிச்சத்தை உணர்கிற ஒரு சில்லு. கம்பியை ஓங்கி மீட்டினால் எல்இடி பளிச்சென்று எரிகிறது, சில்லு அதைப் பார்த்துவிட்டுச் சத்தத்தின் வாயைத் திறந்துவிடுகிறது, மெதுவாகத் தொட்டால் வாயை மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி மங்கலாகிவிடுகிறது. அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு. நீ காலேஜ் முடிக்கும்வரை போசரி ஃபேக்டரியில் மீட்டர் போர்டுக்கு சால்டர் வைத்தவள் நான், கை சும்மா இருக்குமா? பரணிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்துத் துடைத்தேன். சாமான் வாங்கப்போன புத்வார் பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர், என்ன காகூ, பேரனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்டா என்று மராத்தியில் கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு சில்லைச் சும்மாவே சேர்த்துப் போட்டார். எல்லாவற்றையும் அப்பா தயிர் இனிப்பைத் தின்று காலி செய்துவைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்ரீகண்ட் டப்பாவுக்குள் பொருத்தினேன். (அவருக்கு சுகர் ஏறியிருக்கிறது, நீயும் ஃபோனில் ஒரு திட்டு திட்டு.)

வாசித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. கீழ்வீட்டு ஸ்டெல்லா காட்கி சர்ச்சில் கிடார் வாசிக்கிறவள், கேட்டதும் கிடாரையும் ஆம்ப்ளிஃபையரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஹாலில் உருப்படியான பிளக் பாயின்ட் பூஜை அலமாரி பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கேயே கடையை விரித்தோம். சாயங்காலம், இருட்டத் தொடங்குகிற நேரம். விளக்கேற்றாமல் லைட் போடக்கூடாது என்பது உன் அப்பாவின் சட்டம், உனக்குத் தெரியாததா. ஸ்டெல்லா மீட்டினாள், டப்பா ஓ என்று தொடங்கி ஆ என்று வாயைத் திறந்தது, எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்பா விளக்கை ஏற்றினார். அவ்வளவுதான், சத்தம் தானாகவே நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஸ்டெல்லா கையை அசைக்கக்கூட இல்லை. லைட்டைப் போட்டால் அதற்கு மேல் கொர்ரென்று ஒரே இரைச்சல்.

சால்டர் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுநாள் ஒவ்வொரு முனையையும் மறுபடி சூடுகாட்டினேன். ஸ்டெல்லா விட்டுப்போயிருந்த கிடாரை மாட்டி ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தால் மெதுவாகத் தொட்டாலும் கீச்சென்று ஒரே கத்தல், வாயை மூடவே மாட்டேன் என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மாசக் கடைசி வேறு நெருங்குகிறது. சாயங்காலம் விளக்கேற்றியதும் ஸ்டெல்லா வந்து மீட்டினாள், மறுபடி அதே நடுக்கம். அப்பா திருநீறு எடுக்க அலமாரிக்கும் டப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றார், சத்தம் சட்டென்று மங்கிப்போனது. நகர்ந்தார், திறந்துகொண்டது. திரும்ப வந்தார், மங்கியது. அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை, முட்டிவலியெல்லாம் எங்கே போனதோ, நானும் வாசிக்கிறேன் பார் என்று குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நான் போய் ஒரு டபராவைக் கொண்டுவந்து டப்பாவின் மேல் கவிழ்த்தேன். நடுக்கம் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் வழியாக விளக்கு வெளிச்சம் உள்ளே போய், சுடர் ஆடுகிறபடியெல்லாம் சத்தத்தை ஆட்டியிருக்கிறது! போர்டைப் போட்டு அத்தனை பாடு படுத்தினேனே, டப்பாவை யோசித்தேனா?

இப்போது அலுமினிய டப்பாவுக்கு மாற்றி, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன். ஆனால் முழுக்க அடைக்காதீர்கள் ஆன்ட்டி, அந்த விலை கொடுத்து வாங்குகிற பெட்டிக்கு இந்த ஆட்டம் வராது என்று ஸ்டெல்லா ஒற்றைக்காலில் நின்றாள். அதனால் மேலே சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, தள்ளித் திறக்கிற மூடி வைத்திருக்கிறேன். மூடினால் கடைப் பெட்டி மாதிரி, திறந்தால் நம் வீட்டுப் பெட்டி. பக்கத்து விங் வைஷாலி புதன்கிழமை லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள், இந்தக் கடிதத்தையும் டப்பாவையும் அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். வயரும் சில்லுமாக இருப்பதைப் பார்த்து ஏர்போர்ட்டில் அவளைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்களோ என்று அப்பாவுக்குக் கவலை, பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. எவ்வளவு ஓங்கி மீட்டினால் வாய் திறக்கவேண்டும் என்பதற்குப் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது. ஸ்டெல்லா பூப்போல மீட்டுகிறவள், அவள் கைக்கு வைத்தது உனக்குச் சரியாக வராது என்று உன் கைக்குத் தகுந்தபடி வைக்கப்போனேன். எவ்வளவு தூரம் திருப்புவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இங்கே இருந்தவரை நீ கதவைச் சாத்தி, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டுதான் வாசித்தாய், சாப்பாட்டுத் தட்டை வைக்க வரும்போதெல்லாம் எனக்குக் கேட்டது கம்பியின் டிக் டிக் மட்டும்தான். ஸ்டெல்லாவின் கை எப்படி என்று எனக்குத் தெரிகிறது, உன் கை தெரியவில்லை ஜெயந்த். அதனால் இதைப் படிக்கும்போது கிடார் உன்னிடம் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் விற்பதானால் விற்றுக்கொள், டப்பாவையும் சேர்த்தே கொடு, ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிப் போடு, வாசித்து முடித்ததும் கிடார் வயரைப் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் தீர்ந்துபோகும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அப்பாவும் நானும் வணங்குகிற தெய்வமெல்லாம் உனக்குத் துணை இருக்கட்டும். திருகைத் திருப்பும்போது எனக்கு ஃபோன் போட்டு, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் வைத்துவிடு. நீ வாசித்து நான் இன்னும் கேட்டதில்லை.

உன் பிரியமுள்ள அம்மா,
சாவித்ரி