நீ பிரித்து வைத்த பக்கங்கள்

போன வாரம் மகளுடைய சான்றிதழை லேமினேட் செய்யப் பொன்னேரியில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். மிஷின் சூடேறி பிளாஸ்டிக் இளகுகிற வாசம் வந்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. "உள்ள வாங்க சார், இன்னா வாசல்லயே நின்னுட்டீங்க" என்றார் கடைக்காரர். சான்றிதழை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி நின்றேன். உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசம் அது. உன் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் அதுதான் தெரியும், அப்புறம்தான் நீ.

சுண்ணாம்புக்குளத்தில் உன் வீட்டின் முன்னறைதான் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், லேமினேஷன். நடுவில் ஒரு பச்சைத் திரை. அதற்குப் பின்னால் நைனாவின், உன் அப்பாவின், கட்டில். பக்கவாதத்தில் கையும் காலும் விழுந்த பிறகு, உன்னைத் தவிர வேறு யார் தூக்கினாலும் அவர் கத்துவார். கடையில் ஆள் நிற்கும்போதே "நைனா கூப்புடறாரு, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விடுவாய். இதனால் நீ எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போயே பல வருஷம் ஆகியிருந்தது. எங்குமே போக முடியாத நீதான் ஊர் சுற்றுகிறவர்களுக்காக ஒரு இணையதளம் தொடங்க வேண்டும் என்றாய்.

மழைக்காலம் முடிந்ததும் சென்னையிலிருந்து கார்கள் வரத் தொடங்கும். உன் கடை வாசலில் நிறுத்தி, "பூநாரைங்க எங்க இருக்கும்? படகு போகுமா? சாப்பாடு கிடைக்குமா?" என்று கேட்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தபோது சொன்னாய். "டேய், ஒரே பதில எத்தினி தபாடா சொல்றது? நெட்ல போட்டுட்டா இன்னா?"

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததைக் கொண்டு ஒன்றைக் கட்டினேன். பெயரை நீதான் வைத்தாய்: 'எந்தப் பக்கம்'. வழியில் தெரிந்தவரைப் பார்த்தால் நம் ஊரில் கேட்கிற கேள்வி.

முதலில் நம் பழவேற்காடு ஏரியைப் பற்றி மட்டும் கேட்டார்கள். அப்புறம் யாரோ திருப்பதிக்கு எந்த வழி நல்லது என்று கேட்டார். நீ தெரியாது என்று சொல்லவில்லை. கடைக்கு வந்த ஒரு வேன் டிரைவரிடம் விசாரித்துப் பதில் போட்டாய். அதிலிருந்து எல்லாரும் எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கினார்கள். ராமேஸ்வரம் ரயில், கொல்லிமலை வளைவுகள், குழந்தையோடு தங்க இடம், சர்க்கரை நோயாளிக்கு வழியில் சாப்பாடு. எல்லாம் ஒரே நீளப் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஜெராக்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் நடுவில் நீ மேலிருந்து கீழ் வரை எல்லாவற்றையும் படிப்பாய். எனக்குப் போன் செய்து, "கொல்லிமலைல பலாப்பழம் வந்துடுச்சாம்டா" என்பாய், நேற்றுத்தான் அங்கே போய் இறங்கியதுபோல. நான் சிரிப்பேன். கம்பெனியில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லியும் சிரித்திருக்கிறேன்.

கூட்டம் பெருகியபோது கோயம்புத்தூரிலிருந்து சுமதி மேடம் மூன்றாவது அட்மினாக வந்தார். அவரை நாம் நேரில் பார்த்ததே இல்லை. அவர்தான் முதலில் சொன்னார். காலையில் கேட்ட கேள்வி மதியத்துக்குள் ஐம்பது பதிவுகளுக்கு அடியில் போய்விடுகிறது, தனித்தனிப் பிரிவாகப் பிரித்துவிடலாம் என்று. கோயில், மலை, ஏரி கடற்கரை, பஸ் ரயில், சாப்பாடு. எனக்கும் அது சரியென்றே பட்டது.

நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"கோயிலுக்குப் போறவனுக்குப் பசிக்காதா? மலைக்குப் போறவன் ரயில்ல போவ மாட்டானா?" என்றாய். "கேக்கறவனுக்கே தெரியாதுடா, அவன் கேக்கறது எந்தப் பிரிவுனு. வாசல்ல நிக்கறவன நிறுத்தி, நீ எந்த ரூமுக்கு வந்தனு கேட்டா, திரும்பிப் போயிடுவான்."

"கேள்வியே கண்ணுக்குத் தெரியலனா மட்டும் நிப்பானா?" என்றேன்.

இந்த வாக்குவாதம் வாரக்கணக்கில் போனது. பொறுப்பாளர்களுக்கென்று நாம் வைத்திருந்த தனிக் குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப் பேர் உன் பக்கம், பாதிப் பேர் சுமதி மேடம் பக்கம். உன்னை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. அதனால் எதுவும் முடிவாகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு குடும்பம் நம் ஏரியைப் பற்றிக் கேட்டது. பழவேற்காட்டிலிருந்து பசியாவரத்துக்குப் படகில் போக வேண்டும், வயதான அம்மாவும் கூட வருகிறார், நாளைக்குப் படகு போகுமா என்று. மறுநாள் குப்பத்தில் ஒரு சாவு. யாரும் படகை எடுக்கவில்லை. வழக்கமாக இருந்தால் நீ காலையிலேயே படகுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லியிருப்பாய். அந்தக் கேள்வி திருப்பதி லட்டைப் பற்றிய ஒரு பெரிய சண்டைக்கு அடியில் போய்விட்டது. அந்தக் குடும்பம் வந்து, கரையில் வெயிலில் நின்று, அம்மாவுக்கு மயக்கம் வந்து திரும்பிப் போனது. வீட்டுக்குப் போனதும் அந்த மகன் எழுதினார்: இப்படி ஒரு தளம் எதற்கு?

நீ அந்தக் கேள்வியை ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் கேட்ட அன்றைக்குக் காலையிலேயே எனக்குப் போன் செய்திருந்தாய். "நைனாவுக்கு மூச்சு வாங்குதுடா, பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்" என்றாய். "ஜாக்கிரதையா போ, நான் வரட்டுமா" என்றுகூடக் கேட்டேன். வேண்டாம் என்றாய்.

தெரிந்துதான் எழுதினேன். குழுவில், எல்லாரும் பார்க்க. "உன் ஊர் ஏரியப் பத்திக் கேட்ட கேள்விக்கே உன்னால பதில் சொல்ல முடியல. அப்பறம் எதுக்கு அட்மின்னு உக்காந்துனு இருக்கற?"

அழுத்தி அனுப்பிய பிறகு ஒரு திருப்தி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். இதற்கு உன்னிடம் பதில் இருக்காது என்று தெரியும். பதில் இருந்தாலும் அதை நீ சொல்ல மாட்டாய் என்று அதைவிட நன்றாகத் தெரியும். நைனாவைக் காரணம் காட்டி நீ எந்த இடத்திலும் தப்பித்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து உன் பதில் வந்தது. "சரிடா. பிரிச்சிடலாம்."

அவ்வளவுதான்.

பழைய பதிவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தந்தப் பிரிவுக்குக் கையால் நகர்த்த வேண்டியிருந்தது. யார் செய்வது என்று சுமதி மேடம் கேட்டார். எனக்குக் கம்பெனியில் ஆடிட் வேலை. நீ, "நான் பண்றேன் மேடம், கடைல சும்மாதான கீறேன்" என்றாய். நைனா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி இன்னும் சரியாகச் சாப்பிடாத நாட்கள் அவை. வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவன் தலையிலேயே அந்த வேலை முழுவதும் விழுந்தது. நான் தடுக்கவில்லை. நீ செய்தால் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடிக்கடி போன் செய்வாய். கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. "டேய், ஒருத்தர் திருப்பதில மொட்ட போட்டுட்டு, நேரா மெரினாக்கு வந்து குளிச்சிக்கிறாரு. இவுர கோயில்ல போடவா, கடல்ல போடவா?"

இன்னொரு நாள் கொஞ்சம் தயங்கிக் கேட்டாய். "ராமேஸ்வரம் ரயில்ல கீழ் பெர்த் கிடைக்குமானு ஒரு பொண்ணு கேட்டுச்சி இல்ல, அதுக்கு மதுரைல எறங்கி எங்க சாப்பிடறதுனு ஒரு பையன் சொன்னானே? ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆச்சி, பத்திரிகையக் கூட இங்கியே போட்டாங்களே. இத ரயில்ல வைக்கறதா, சாப்பாட்டுல வைக்கறதா?"

"எங்கனா வைடா. வேலையா கீறேன்" என்று வைத்துவிட்டேன். எங்கே வைத்தாய் என்று நான் பார்க்கவும் இல்லை.

பிரித்த பிறகு தளம் நன்றாக நடந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கேட்டவுடன் பதில் கிடைத்தது. புகார்கள் குறைந்தன. புதியவர்கள் வந்தார்கள். சுமதி மேடம் எனக்கு நன்றி சொன்னார். உனக்கு ஏரி, கடற்கரைப் பிரிவு. பறவைகள் போன பிறகு அங்கே நாட்கணக்கில் யாரும் வர மாட்டார்கள். ஒரு தடவை நீ வழக்கம்போல் கோயில் பிரிவில் போய் ஒருவருக்குப் பதில் சொல்ல, அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பையன், "அண்ணா, இத நாங்க பாத்துக்கறோம், நீங்க சிரமப்பட வேணாம்" என்று மரியாதையாக எழுதியிருந்தான். அதை நீயே எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னாய். நானும் சிரித்தேன். "என் கட காலியா கீதுடா" என்றாய் கடைசியில். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. "சீசன் வந்தா வருவாங்க" என்றேன்.

அந்த மழைக்காலத்தில் நைனா போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது உன் தோளில் கை போட்டு, "இனிமே எங்கனா போலாம்டா" என்றேன். சொன்ன நேரம் சரியில்லை என்று உடனே தோன்றியது. நீ தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "மொதல்ல கொல்லிமல. பலா சீசன்ல" என்றாய்.

பலா வருவதற்குள் ஒரு காலை, கடையின் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். உன் மனைவி ஸ்டெல்லா ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனாள். பொன்னேரி போய்ச் சேரவில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, தளத்தில் செய்தி போட உட்கார்ந்தேன். எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியவில்லை. நீ எந்தப் பிரிவிலும் சேரவில்லை. சேருகிற இடம் எதையும் நாங்கள் விட்டு வைக்கவும் இல்லை. ஏரி, கடற்கரையில் போட்டேன். நான்கைந்து பேர் வருத்தம் தெரிவித்தார்கள். அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்துக் கோயில் பிரிவில் ஒரு வயதானவர் கேட்டிருந்தார். "முன்னே இங்கே ஒரு தம்பி இருப்பாரே, எது கேட்டாலும் பதில் சொல்வாரே, அவர் எங்கே?" அதற்குக் கீழே யாரோ பதில் எழுதியிருந்தார்கள்: "அவர் வேற பிரிவுக்குப் போயிட்டார்னு நினைக்கிறேன்."

அதைப் படித்துவிட்டுக் கம்பெனி மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிறகு எல்லாப் பிரிவுகளிலும் ஒவ்வொன்றாகப் போய் உன் செய்தியைப் போட்டேன். அப்போதுதான் வந்தார்கள். எத்தனை பேர்! அந்த ராமேஸ்வரம் ரயில் பெண், "எங்களுக்கு ஏன் யாருமே சொல்லல? எங்க கல்யாணத்துக்கு முதல் வாழ்த்து சொன்னவர் அவர்தான்" என்று எழுதியிருந்தாள். சுமதி மேடம் போனில் அழுதார். எல்லாரும் எதையும் எழுதுகிற மாதிரி ஒரு பொதுப் பக்கம் திறந்தோம். இப்போது அதில்தான் அதிகக் கூட்டம். மற்ற பிரிவுகளும் இருக்கின்றன. பிரித்தது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. தப்பாக இருந்திருந்தால் மறுபடி சேர்த்துவிட்டு உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். அந்த வழி எனக்கு இல்லை. செய்தது சரி. செய்ய வைத்த விதம்தான் தப்பு.

பொன்னேரிக் கடையிலிருந்து வந்த மறுநாள் ஞாயிறு. நேராகச் சுண்ணாம்புக்குளம் போனேன். ஸ்டெல்லாதான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறாள். பச்சைத் திரை இல்லை. "வாங்கண்ணா" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். அவளாவது என்னைத் திட்டிவிட்டால் தேவலை என்றுதான் போயிருந்தேன். நான் எழுதியதை வார்த்தை மாறாமல் அவளிடம் சொன்னேன். "நைனா ஆஸ்பத்திரில கீறாருனு தெரிஞ்சேதாம்மா எழுதினேன்" என்றேன்.

அவள் ஜெராக்ஸ் மிஷினை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆமா, எனுக்கு ஞாபகம் கீது. ஆஸ்பத்திரி வராண்டாவுல போனப் பாத்துனே உக்காந்துனு இருந்தாரு. இன்னாங்க, யாராவது இன்னாவது சொன்னாங்களானு கேட்டேன். ஒண்ணுமில்ல, அவன் சொல்றது கரெக்ட்டுதான் ஸ்டெல்லா, நான் அதுக்கு லாயக்கில்லனு சொன்னாரு. அந்தம்மா வெயில்ல நின்னுதாமேனு அதையே சொல்லினு இருந்தாரு."

"என் மேல கோவம் இல்லையா?"

"உங்க மேலயா? இல்லண்ணா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னுவாரு எப்பவும். அதுக்கப்பறந்தான் போன கீழயே வெக்க மாட்டாரு. நைனாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது கூட ஒரு கையில போன் இருக்கும். யாருனா கேட்டுட்டா உடனே சொல்லணுமாம்."

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, பிள்ளைகள் படிப்பை விசாரித்துவிட்டு வந்துவிட்டேன். ஏரிக்கரை வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது உன்னிடம் வாய்விட்டே பேசினேன். நீ கோபப்பட்டிருந்தால், நாலு பேர் முன்னால் என்னைத் திருப்பிக் கேட்டிருந்தால், என் வீட்டுப் பக்கம் வராமல் இருந்திருந்தால், அதையெல்லாம் சுமந்துகொண்டு இருந்துவிடுவேன். எல்லாருக்கும் அப்படி ஏதாவது ஒன்று இருக்கிறது.

அவளிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன். குழுவில் நான் எழுதியதை நானே ஒரு நிமிஷம்கூட நம்பவில்லைடா. அன்றைக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசினேன். நீதான் அதை நம்பிவிட்டாய்.