நைனாவுக்கு மை தீட்டிய போஸ்டர்

மார்ச் 4, செவ்வாய்
ஈவ்லின் ஆல்பத்தின் ஆறு பாட்டையும் மிக்ஸ் செய்தவன் நான். சித்தூர் சர்ச் பாடகர் குழுவிலிருந்து அவளோடு இருப்பவனும் நான். எந்தப் பாட்டு முதலில் வெளிவர வேண்டும் என்று முடிவு செய்வது மட்டும் திருப்பதி பவன்குமார். மார்க்கெட்டிங்காம்.

என் திட்டம்: முதலில் ‘நைனா’. அவள் அப்பாவுக்காக எழுதியது, குரலே தாங்கி நிற்கும் பாட்டு. ஈஸ்டர் முடிந்த பிறகு குத்துப்பாட்டு. ஸ்ரீசிட்டி ஃபாக்டரியில் நான் ஷிப்ட் போடுவதுபோல, தேதி வாரியாக எழுதியே அனுப்பினேன்.

“லிஸ்ட்டு நல்லாத்தான் கீது இஸ்ரேல். ஆனா இது இன்னா, உன் ஸ்ரீசிட்டி ஷிப்ட்டா?” என்றாள் ஈவ்லின். பவன் சிரித்தான். அவன் ஏன் சிரிக்க வேண்டும்?

மார்ச் 7, வெள்ளி
குத்துப்பாட்டு வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் ஆரம்பித்த அதே வாரத்தில்! சபையில் ஒருவரும் பகிரவில்லை. முதல் நாளே கேட்கக்கூடிய நானூறு பேர் அவர்கள்தான். சொன்னேனே.

மார்ச் 16, ஞாயிறு
ஆராதனை முடிந்து சர்ச் வாசலிலேயே ஈவ்லின் பவனோடு போன். தெலுங்கில், இருபது நிமிடம். என்னிடம் மிக்ஸ் பற்றி மட்டும்தான் பேசுகிறாள்.

மார்ச் 26, புதன்
வெள்ளியன்று ‘நைனா’. பவன் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போஸ்டர் போட்டான்: மை தீட்டிய இரண்டு பெண் கண்கள். மும்பையில் வரையக் கொடுத்தானாம். இந்தியில் நைனா என்றால் கண்; எங்கள் ஊரில் அப்பா. பவன் பாட்டையே ஒழுங்காகக் கேட்டதில்லை. அவன் வீட்டில் அப்பா ‘டாடி’.

ஈவ்லினுக்கு ஆஸ்பத்திரியில் டபுள் டூட்டி. ‘நீங்களே பாத்துக்குங்க’ என்று போட்டுவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லவில்லை. விழட்டும் அவன்.

மார்ச் 28, வெள்ளி
விழுந்தான். கமெண்ட் எல்லாம் “யார் அந்தக் கண்ணழகி?” காலையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மதியம் அவள் அப்பா ஜெபதாஸ் அங்கிள் கூப்பிட்டார்.

“இன்னா தம்பி, எம்பொண்ணு எனக்கோசரம் பாடிக்கீறான்னு சபையில எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன். இது யாரு கண்ணுப்பா?”

ஏதோ உளறினேன்.

மார்ச் 29, சனி
“புதன்கிழமையே நீ போஸ்டரப் பாத்தது குரூப்பில தெரியுதுடா. பவன் தெரியாம செஞ்சான். நீ தெரிஞ்சிக்கினே சும்மா இருந்த,” என்றாள் ஈவ்லின்.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

நான் இன்னா பண்றது? எத்தினி தபா சொல்றது? — சரி, இந்தத் தபா சொல்லல. அதத்தான கேட்டா.

ஏப்ரல் 11, வெள்ளி
போஸ்டரில் இப்போது அங்கிள் படம். பாட்டு மெல்ல ஓடுகிறது. படத்தை மாற்றியது பவன் யோசனையாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்
மீதி நாலு பாட்டின் ட்ராக்குகளையும் பவனுக்கு அனுப்பச் சொல்லி ஈவ்லினிடமிருந்து மெசேஜ். திருப்பதியில் வேறொருவர் மறுபடி மிக்ஸ் செய்வாராம். அனுப்பினேன்.

சாயங்காலம் பவன் கூப்பிட்டான். “அண்ணா, ஈவ்லின் வாய்ஸ் மேல போறப்ப கிழியுது. நீங்க எப்டி சரி பண்ணீங்க?”

தப்பாகச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

எந்த இடத்தில் ஒலியை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டு முறை. எழுதிக்கொண்டான்.