யோகலட்சுமி பரிமாறட்டும்

மதுரை
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி காசிராஜன் எழுதுவது. மாமாவும் பிரீத்திகாவும் நலமா? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். பொங்கல்படிக் கரும்பைக்கூடப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன், நேரில் வர முகமில்லை.

போன மாதம், சைக்கிளில் கோயிலும் கிராமமும் சுற்ற என்னை வழிகாட்டியாக வைத்து வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆறு பேரை உன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். நீ கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாய். உன் விரல்களில் பட்டாசு மருந்துக் கறையைப் பார்த்ததும், "யோகலட்சுமி பரிமாறட்டும்க்கா, நீ அடுப்படியிலே இரு" என்றேன். நீ பக்கத்து வீட்டு யோகலட்சுமியிடம் கரண்டியைக் கொடுத்தாய்.

அதோடு விட்டேனா? உள்ளே இருப்பது யார் என்று கேட்டவர்களிடம், சமையலுக்கு வந்த அம்மா என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிரீத்திகா பக்கத்தில் நின்றதைக் கவனிக்கவில்லை. கோயில் கோயிலாக நின்று ஆயிரம் வருடக் கதை சொல்கிற வாய்க்கு, என் அக்கா என்று சொல்ல வரவில்லை.

ஐந்தாம் தேதி அடுத்த குழு வருகிறது. இந்தத் தடவை நீதான் பரிமாற வேண்டும். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது, அக்கா.

உன் தம்பி
காசி

ஆனைக்குட்டம்
27.1.2025

காசிராஜனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கரும்பு வந்து சேர்ந்தது.

நீ ஆள் கூட்டிவருகிறாய் என்று இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், பிறகு எலுமிச்சம்பழம், கடைசியில் செங்கல். தோல்தான் உரிந்தது. அது போகட்டும். அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, பிரீத்திகா "வீட்லதான் இருக்காக" என்று சொன்னாளாம். முன்பெல்லாம் பட்டாசுக் கம்பெனி பெயரைக்கூடச் சேர்த்துச் சொல்வாள். அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது நீ. அதுதான் எனக்கு ஆறவில்லை.

சாப்பாட்டுக்கு யோகலட்சுமியிடம் சொல்லிவிட்டேன். நன்றாகச் சமைப்பாள். அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது.

மூக்கம்மாள்

ஆனைக்குட்டம்
5.2.2025

அக்காவுக்கு,

இதை யோகலட்சுமியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

காலையில் அணைக்கரையில் உன் கம்பெனி வேன் எதிரே வந்தது. சைக்கிள்களை நிறுத்தச் சொல்லி, "அந்த ஜன்னலோரம் இருப்பவர் என் அக்கா. பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்துதான் என்னைப் படிக்கவைத்தார்" என்று சொன்னேன். இந்தத் தடவை வந்த எட்டுப் பேரும் கையாட்டினார்கள். வேனில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கையாட்டினார்கள்.

நீ மட்டும் உன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய்.



காசி